பத்து மிளகும் பத்து மூட்டையும்

முழங்கால் தேய்ந்துவிட்டது, நடப்பதைவிட நீந்துவது நல்லது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, பலாபத்வலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குளம்தான் எனக்கு ஆஸ்பத்திரி. விடிந்ததும் இறங்கி, அக்கரையில் நிற்கும் குமுக் மரம்வரை நீந்திப் போய்த் திரும்புவேன். தரையில் நொண்டுகிற நான் தண்ணீருக்குள் இருபது வயதுக்காரன்.

போன வருஷம் குளம் பச்சையாகி நுரைத்தது. என் உடம்பெல்லாம் சொறி. இனி அதில் கால் வைத்தால் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றைக்கே சுகாதாரப் பரிசோதகருக்கு நான்கு பக்கத்தில் புகார் சொல்லிப் பெட்டிசம் எழுதினேன். உடுப்புத் துவைக்கிறவர்கள், மாடு குளிப்பாட்டுகிறவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. எல்லாருக்கும் முதலில், ஞாயிறுதோறும் ஆட்டோவைக் குளத்துக்குள் இறக்கிக் கழுவும் சந்தி ஆட்டோக்காரரைப் போட்டேன்.

பரிசோதகர் வந்தார். இளவயதுச் சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசினார். போத்தலில் தண்ணீர் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, இது என்ன நாற்றம் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் மூக்கு காட்டிய வழியில் குளக்கட்டோடு நடக்க, நான் நொண்டிக்கொண்டு பின்னால் போனேன். குமுக் மரத்து வேரில் கட்டியிருந்த நீலக் கயிற்றை இழுத்தார். ஒரு மூட்டை மேலே வந்தது. அதில் சிவப்பு மையில் என் மிளகுக் கடைப் பெயர். அதே வேரில் இன்னும் ஒன்பது கயிறு.

வெள்ளை மிளகு எடுக்க, பழுத்த மிளகைச் சாக்கில் கட்டித் தண்ணீரில் போட்டுத் தோலை அழுகவிட வேண்டும். முன்பு ஓடுகிற ஆற்றில் போடுவோம். வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டுமே என்று அந்த வருஷம்தான் நான் குளத்தில் போட்டேன். முப்பது வருஷமாகச் சோறு போட்ட வாடை என் மூக்குக்கு எப்படி நாற்றமாகும்? மிளகை அழுக்கென்று நினைக்கச் சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை.

"மிளகு மருந்துதானே சேர். பத்து மிளகு இருந்தா பகைவன் வீட்டுலயும் சாப்பிடலாம்னு சொல்லுவாங்க" என்றேன்.

"பத்து மிளகு சரிதான் மொதலாளி. நீங்க போட்டிருக்கிறது பத்து மூட்டை."

குளிக்கத் தடை என்று பலகை அடித்தார்கள். மூட்டைகளை எடுக்க என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கேட்காமலே வந்து இறங்கியவர் அந்த ஆட்டோக்காரர். மூன்று நடையில் எல்லாவற்றையும் மிளகு ஊற எங்கள் கொல்லையில் புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பெட்டிசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊரே அறிந்த விஷயம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? வெட்கத்தில் நான் ஆளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தொட்டியின் நாற்றத்துக்கு மனைவி இன்றுவரை எனக்கு அர்ச்சனை செய்கிறாள்.

மழைக்காலம் போனது. தண்ணீரைத் திரும்பச் சோதித்துப் பலகையைக் கழற்றினார்கள். பெருமழைக்குப் பிறகு இரண்டு நாள் இறங்கக் கூடாது, தனியாக நீந்தவே கூடாது என்று பரிசோதகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் துணைக்கு ஆளில்லாமல் கரையில் முழித்துக்கொண்டு நின்றேன். ஆட்டோக்காரர் குளத்துக்கு எட்டத்தில் வண்டியை நிறுத்தி வாளித் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு வந்தார்.

"எறங்குங்க மொதலாளி. நான் பாத்துக்கிறேன்."

குமுக் மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் பெட்டிசத்தில் முதல் ஆளாக இருந்தவர், என் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் குளக்கட்டில் நின்றிருந்தார்.