நாலாவது வேலிக்கு முன்னால்

குதிகாலால் இரண்டு மிதி. பிறகு காலணியின் ஓரத்தால் ஒரு தடவல். அவ்வளவுதான், ஓல்வென் பிராசர் அடுத்த குழிக்கு நகர்ந்துவிடுவாள். ஓடி முடித்த குதிரைகள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். பார்வையாளர் மேடையிலிருந்து கைதட்டல் வந்துகொண்டிருக்கும். அவள் தலை மட்டும் நிமிராது. எது ஜெயித்தது என்று யாராவது கேட்டால், "எனக்கெப்படித் தெரியும்? நான் அதுங்க காலடியத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்" என்பாள்.

மார்டன்ஹே பந்தய மைதானத்தில் ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் பதினொரு பேர் நாலு பல் இரும்புக் கவையும் வாளியுமாகப் புல்வெளியில் இறங்குவார்கள். குளம்பு பெயர்த்தெறிந்த புல்கட்டியைத் தேடி எடுத்து, அது பெயர்ந்த குழியிலேயே பொருத்தி மிதிக்க வேண்டும். கட்டி சிதறிப் போயிருந்தால், வாளியில் இருக்கிற மண்ணும் மணலும் புல்விதையும் கலந்த கலவையை இரண்டு பிடி போட்டு மிதிக்க வேண்டும். அடுத்த பந்தயத்துக்கு இருப்பது அரைமணி நேரம். ஓல்வென் நாற்பத்தொரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறாள். புதிதாக வருகிறவர்கள் சின்னக் குழிதானே என்று தாண்டிப் போனால் பின்னாலிருந்து குரல் வரும்: "குழின்னா குழிதான். வர்ற குதிரைக்குத் தெரியுமா அது சின்னதுன்னு?"

மைதானத்துக்கு வெளியிலும் அந்தக் கால் சும்மா இருக்காது. பூங்காவில் நாய் பறித்த பள்ளத்தைக் கண்டால் பேசிக்கொண்டிருக்கும்போதே போய் மிதித்துவிட்டு வருவாள். தங்கை மகள் கல்யாணத்தன்று தேவாலய வாசலில் ஒரு பாத்தி கிளறிக் கிடந்தது. அன்று காலைதான் அங்கே பூங்கிழங்கு ஊன்றியிருந்தார்கள். புகைப்படக்காரர் எல்லோரையும் நிற்க வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், புதுச் செருப்போடு ஏறி ஒரு பக்கம் முழுவதையும் அழகாகச் சமப்படுத்திவிட்டாள். அடுத்த வசந்தத்தில் அந்தப் பக்கம் மட்டும் பூ வரவில்லை. பாதிரியார் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. கார்ட்ரைட் என்ற பண்ணைக்காரரின் பெண்குதிரை பத்தொன்பது வருடங்களுக்கு முன் இங்கே பெரிய பந்தயம் ஒன்றில் ஜெயித்தது. மனிதர் மகிழ்ச்சி தாங்காமல், வெற்றிக் கம்பத்தருகே அது மிதித்த புல்கட்டி ஒன்றைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"பையில என்ன?" என்று எதிரே வந்து நின்றாள் ஓல்வென்.

"என் குதிரை ஜெயிச்ச மண்ணும்மா."

"உங்க குதிரை ஜெயிச்சிட்டுப் போயிடுச்சு சார். அடுத்து ஓடுற குதிரை அந்தக் குழியில கால வச்சு ஒடிச்சுக்கிட்டா, நீங்களா வந்து தூக்குவீங்க?"

ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வெளுத்த கால்சராயோடு மண்டியிட்டு அதை இருந்த இடத்தில் வைத்தார். அன்றிலிருந்து அவளை எங்கே கண்டாலும் தொப்பியைத் தூக்கி, "குழி ராணிக்கு வணக்கம்" என்பார்.

இப்படிப்பட்டவள் குதிகால் வைக்காத இடம் அந்த மைதானத்தில் ஒன்றே ஒன்று உண்டு. குதிரைகள் தாண்டிக் குதிக்கும் வேலிகளில் நாலாவதுக்கு முன்னால், இடது ஓரக் கம்பத்திலிருந்து ஒன்பது எட்டு நடந்தால், தேவாலயக் கோபுரத்துக்கு நேராக. அங்கே வந்தால் மட்டும் மண்டியிட்டு, உள்ளங்கையால் தட்டிக் கொடுப்பாள்.

அந்த வேலியருகே இருபத்தாறு வருடம் மஞ்சள் கொடியோடு நின்றவர் அவள் கணவர் மெர்வின். குதிரையோ ஆளோ விழுந்து கிடந்தால், பின்னால் வருகிறவர்களுக்குக் கொடி வீசிக் காட்டுவது அவர் வேலை. "எல்லா வேலிக்கும் அஞ்சு நிமிஷம், என் வேலிக்கு மட்டும் கால்மணி நேரம் மிதிக்கிறியே, என்ன விஷயம்?" என்று ஒருநாள் கேட்டார். அடுத்த மே மாதம் இருவருக்கும் கல்யாணம். குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி இருவரும் வெளியே பேசியதும் இல்லை.

பதினொரு வருடங்களுக்கு முன் நெஞ்சுச் சளியில் படுத்தவர், "என்னைக் கல்லறையில போட்டுடாத ஓல்வென். அங்க ஒரு குதிரைகூட வராது" என்று கேட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மார்ச் மாதப் பந்தயத்தன்று அவர் சாம்பலை வாளிக் கலவையோடு கலந்தாள். நாலாவது வேலி முன்னால் ஒரு குதிரை சறுக்கி, ஆழமாக ஒரு குழி விழுந்திருந்தது. அத்தனையையும் அதில் போட்டுக் கையால் அழுத்தினாள். அழுதுகொண்டேதான் அழுத்தினாள், மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை. "தூவினா காத்துல போயிடுவாரு. குழியில வச்சா நிப்பாரு" என்று, ரொம்ப நாள் கழித்து, மைதானத் தலைமையாள் டெரெக்கிடம் மட்டும் சொன்னாள். மூன்றாவது வாரம் அங்கே புல் வந்தது.

இந்த ஜனவரியில் மைதானத்தை விற்றுவிட்டார்கள். நூற்று எழுபது வருடம் குதிரை ஓடிய நிலத்தில் சரக்குக் கிடங்கு வரப்போகிறது. கடைசிப் பந்தய நாள் மார்ச்சில் ஒரு வியாழன். மண் வாரும் இயந்திரங்கள் வருவது அடுத்த திங்கள். ஜாக்கிகளை எடை பார்க்கும் நாற்காலி முதல் வெற்றிக் கம்பம் வரை எல்லாவற்றிலும் ஏல எண் ஒட்டியாகிவிட்டது. 'எந்தப் பொருளையும் எடுத்துச் செல்லக் கூடாது' என்று வாசலில் பலகை. ஓல்வென் அதை இரண்டு முறை படித்தாள். அவள் கோட்டுக்குள் துண்டில் சுற்றிய ரொட்டிக் கத்தி இருந்தது. தோளில் தொங்கிய பையில் காலி கேக் டப்பா. இரண்டாம் மாடி வீட்டின் சமையலறை ஜன்னலில் புதுத் தொட்டி ஒன்று காத்திருந்தது.

அன்று ஆறு பந்தயம். முதல் பந்தயம் முடிந்ததும் நாலாவது வேலிக்குப் போனாள், மண்டியிட்டாள், தட்டிக் கொடுத்தாள், எழுந்து வந்துவிட்டாள். மூன்றாவதற்குப் பிறகு கத்தியை வெளியே எடுத்தாள். நாற்பத்தொரு வருடத்தில் அந்தக் கை இந்த மைதானத்திலிருந்து ஒரு புல்லைக்கூடப் பெயர்த்ததில்லை. அடுத்த குதிரைகள் அணிவகுத்து வந்தன. கத்தியை மறைத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடினாள். பன்றியிறைச்சி வைத்த ரொட்டியை வாங்கினாள், கடிக்காமலே ஆறவிட்டாள். குடுவைத் தேநீரும் அப்படியே இருந்தது.

ஆறாவது பந்தயமும் முடிந்தது. ஒலிபெருக்கியில் ஒருவர் நன்றி சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். கூட்டம் மதுக்கூடத்துப் பக்கம் பாடிக்கொண்டே நகர்ந்தது. மிதிக்கிற பதினொரு பேரில் பத்துப் பேர் கவையைக் கொட்டகையில் சாத்திவிட்டுப் போனார்கள். ஓல்வென் வாளியோடு புல்வெளியில் இறங்கினாள்.

"ஏம்மா ஓல்வென், எங்க கிளம்பிட்ட?" என்று கத்தினான் டெரெக். "இனி எந்தக் குதிரைக்கு மிதிக்கப்போற?"

"உன் வேலையப் பாருடா. நீ பாதியில விட்டுட்டு வர்ற குழிங்கதான் எல்லாம்."

அவள் எங்கே போகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். கொட்டகைக்குள் போய்விட்டான்.

நாலாவது வேலியில் செருகிக் கட்டியிருந்த பிர்ச் மரக் குச்சிகள் அங்கங்கே முறிந்து நின்றன. ஒன்பது எட்டு எண்ணி நடந்தாள். கோபுரத்தைப் பார்த்து நேர் பிடித்தாள். மண்டியிட்டுக் கத்தியைப் புல்மேல் வைத்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது.

"பையில என்ன?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். ஊன்றுகோலோடு கார்ட்ரைட் நின்றுகொண்டிருந்தார். எண்பது தாண்டிய மனிதர், அத்தனை தூரம் தனியாக நடந்து வந்திருந்தார். முகத்தில் குறும்பு பொங்கியது.

"நான் எடுத்தா திருட்டு. ஊர் முன்னாடி மண்டி போட வச்சே. ராணியம்மா எடுத்தா என்ன பேரு?"

ஓல்வெனுக்கு முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது. "இங்க என் வீட்டுக்காரரு இருக்காரு சார்."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் தொப்பி அவர் கைக்கு வந்திருந்தது.

"கொடியோட நிப்பாரே, மெர்வின். அவரா?"

"அவருதான். இப்ப புல்லாயிட்டாரு. திங்கக்கிழமை வந்து வாரிக் குப்பையில கொட்டிடுவானுங்க. தெரியுது. ஆனா கை வரமாட்டேங்குது சார். குழி பண்ண வரமாட்டேங்குது."

கார்ட்ரைட் சிரமப்பட்டுக் குனிந்து கேக் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து பிடித்தார்.

"அன்னிக்கு வைக்கச் சொன்னே, வச்சேன். அடுத்த வருஷமே என் குதிரை செத்துப்போச்சு. அதோடது ஒரு லாடம்கூட எங்கிட்ட இல்ல. நான் உன்னத் திட்டாத நாள் கிடையாது தெரியுமா? வெட்டும்மா. நான் பிடிச்சுக்கிறேன்."

"மன்னிச்சிடுங்க சார்."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல அவரை எடு."

கத்தி இறங்கியது. நாலு பக்கமும் கீறி, விரல்களை அடியில் விட்டு, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினாள். வெள்ளை வேர்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. ஒரு இழுப்பு இழுக்க வேண்டியிருந்தது. டப்பாவில் கச்சிதமாக உட்கார்ந்தது. தன் தலைச்சீலையை அவிழ்த்து மேலே போர்த்தி, டப்பாவைப் பைக்குள் வைத்தாள்.

"போகலாமா? தூறல் போடுது" என்றார் கார்ட்ரைட். மதுக்கூடத்துப் பாட்டு மெல்லிசாகக் கேட்டது.

ஓல்வென் எழுந்திருக்கவில்லை. சதுரமாகக் கறுத்துக் கிடந்த குழியைப் பார்த்தாள். வாளியைப் பக்கத்தில் இழுத்தாள். மண்ணும் மணலும் விதையுமாக ஒரு பிடி. இன்னொரு பிடி. ஓரங்களை விரலால் நிரவினாள். அவர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் குதிகாலை வைத்து, இரண்டு மிதி மிதித்தாள்.