ஊர்ப் பேரைப் பாடி ஏறியவர்

எதிரணிக்குள் ஏறும்போது ஊர்ப் பேரையே மூச்சடக்கிப் பாடுவது எங்கள் கொட்டாரம் சடுகுடு அணியின் வழக்கம். தொடர்ந்து தோற்றதும், வயதாகிவிட்ட எங்கள் பெரிய ஆட்டக்காரரைக் குலசேகரம் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து இரண்டு இளவட்டங்களைக் கேட்கலாம் என்றார்கள் அணிக்காரர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏலே, அண்ணன் என்ன உழவு மாடா, மாத்துகதுக்கு?" என்று கத்தினேன்.

அவரோ, "போட்டும் மக்கா, மூச்சு முன்னமாதிரி நிக்க மாட்டேங்கு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஆட்டமே குலசேகரத்தோடுதான். எங்கள் பக்கம் ஏறிவந்த அண்ணன், பழக்கதோஷத்தில் "கொட்டாரம், கொட்டாரம்" என்றே பாடினார். கூட்டம் சிரித்தது. நாங்கள் பாய்ந்து அவரை அமுக்கினோம்; அவர் கால் என் பிடியில் இருந்தது. மூச்சு முட்டியும் அவர் எங்கள் ஊர்ப் பேரை விடவில்லை.

நான் அவர் காலை விட்டேன்.