கூலி நாள் காவல்

ஏட்டு வீரணனுக்குத் திருடனைக் கண்டு பயமில்லை. சர்க்கார் சிக்கனம் என்ற வார்த்தையைக் கண்டுதான் பயம். ஐம்பத்து நாலில் அந்தச் சிக்கனம் மலையடிவாரத்து முந்தல் அவுட்போஸ்டுக்கும் வந்து சேர்ந்து, ஐந்து போலீஸ்காரர்களில் மூன்று பேரைத் தூக்கிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் அவரும், துப்பாக்கியை விட்டு நகரக் கூடாத ஒரு பாராக்காரரும். வேலை மட்டும் ஒரு இம்மியும் குறையவில்லை. மேலே உட்கார்ந்து ஆளை வெட்டுகிற புண்ணியவான்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

எதை விட்டாலும் ஒரு வேலையை விடமாட்டேன் என்று வீரணன் பிடிவாதமாக இருந்தார். வாரக் கூலி வாங்கிய ஏலத் தோட்டத்துப் பெண்கள் மலைமேல் போடிமெட்டிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்குவார்கள். வரிசைக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் காவல் வரவேண்டும். இல்லையென்றால் புதரிலிருந்து எவனாவது அரிவாளோடு குதிப்பான். ஒற்றை ஆள் முன்னால் ஓடுவாரா, பின்னால் ஓடுவாரா?

தோட்ட முதலாளி பெத்துராஜ்தான் கை கொடுத்தார். "என் ஆளு ஒருத்தனக் கூட்டிக்கங்க ஏட்டு. நம்ம சனந்தானே," என்றார். வீரணனுக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டும் விட்டார்.

இரண்டு மாதம் நல்லபடியாகப் போயிற்று. பிறகு ஒரு கூலி நாளில், பாதி வழியில் சாமியாக நிற்கும் கருப்பன் கல்லருகே, பெத்துராஜின் ஆள் சின்னத்துரை பெண்களை நிறுத்தி மடியை உதறச் சொன்னான். சிலமலை மருதாயியின் மடியிலிருந்து ஒரு பிடி ஏலக்காய் கொட்டியது. மலை இறங்குகிறவர்கள் அந்தக் கல்லுக்கு ஒரு பிடி காய் வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அது சின்னத்துரைக்கும் தெரியும், அங்கே திரியும் குரங்குக்கும் தெரியும்.

"களவுக் கேசு எழுதுங்க ஏட்டையா. இல்லேன்னா மொதலாளி என்னயக் காவலுக்கு வரவிடாம நிப்பாட்டிருவாரு."

"சாமிக்கு வைக்கிற காயி ஏட்டையா. நீங்களே பாத்திருக்கீகள்ல, சொல்லுங்க!" என்றாள் மருதாயி.

பார்த்திருக்கிறார். அவளை விட்டால் அடுத்த வாரம் அத்தனை பெண்களும் காவலில்லாமல் இறங்கவேண்டும். பிடித்தால் பெரும் பாவம். அத்தனை பேருக்காக ஒருத்திதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, "நட ஆத்தா, அவுட்போஸ்ட்டுல பேசிக்கலாம்," என்றார். கேசு பதிவாயிற்று, மருதாயிக்குத் தோட்டத்து வேலையும் போயிற்று.

அடுத்த கூலி நாளில் மெட்டில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அவர் காத்து நின்றார். பெண்கள் வந்தார்கள். வந்தவர்கள் அவரைத் தாண்டி, வழிப்பறிக்குப் பேர்போன காட்டுத் தடத்தில் திரும்பினார்கள். வீரணன் பதறிப்போய்க் குறுக்கே ஓடினார்.

"ஏ ஆத்தா, அந்தப் பக்கம் போகாதீக! எவனாவது கூலியப் பறிச்சிருவான்!"

மருதாயியின் நாத்தனார் வேலுத்தாய் நின்று திரும்பினாள்.

"பறிச்சா பறிச்சிட்டுப் போறான். எங்களக் களவாணின்னு சொல்லமாட்டான்ல? நீங்க உங்க சோலியப் பாருங்க ஏட்டையா."

கடைசிப் பெண்ணும் மரங்களுக்குள் மறைந்தாள்.

"ஏட்டையா, வெரசா வாங்க. மொதலாளி சரக்கு நிக்கிது," என்று சின்னத்துரை கத்தினான்.

அன்று வீரணன் முன்னால் நடந்தார், சின்னத்துரை பின்னால் வந்தான். நடுவில் கழுதைகளின் முதுகில் பெத்துராஜின் ஏலக்காய் மூட்டைகள் பத்திரமாக இறங்கின.