வரிசை நேராக இருக்க வேண்டும் என்று

கிடங்கில் அவருக்கு ‘எறும்பு மாமா’ என்று பெயர். சரக்குத் தூக்கும் வண்டியைப் பின்னால் எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் இறங்கி, சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். “பின்னாடி எறும்பு வந்தாலும் வழி விட்டுட்டுத்தான் போவாரு” என்று மூட்டை அடுக்குகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். காரணம் மனைவிக்குக்கூடத் தெரியாது.

கிடங்குக்கு வருமுன் அவர் ராணுவத்தில் டாங்கி ஓட்டியவர். கடைசி வருடத்தில் ஒரு பெரிய பயிற்சி. நான்கு டாங்கிகள் ஒரே கோட்டில், ஆள் நடக்கிற வேகத்தில் முன்னேற வேண்டும். ஒவ்வொன்றின் பின்னாலும் அதையே கேடயமாக்கிக்கொண்டு காலாட்படையினர் எட்டுப் பேர், பதினைந்து அடி இடைவெளி விட்டு வருவார்கள். டாங்கி ஓட்டுகிறவர் முன்பக்கம் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு கீற்றுதான் தெரியும். பின்னால் இருப்பதை மேலே நிற்கும் வண்டித் தலைவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் ஓரடி பின்வாங்கக் கூடாது.

அன்று புகை போட்டிருந்தார்கள். பக்கத்து டாங்கி மணலில் சிக்கித் தயங்கியதில் இவருடைய டாங்கி மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு நின்றுவிட்டது. எதிர் மேட்டில் பெரிய அதிகாரிகள் தொலைநோக்கியோடு இருந்தார்கள். கோடு பிசகாமல் ஓட்டுவதில் அந்தப் படையிலேயே இவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். அந்தப் பேர் கெடக் கூடாது. “பொறு” என்று தலைவர் சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும், ஒரு வண்டி நீளத்துக்குப் பின்னால் எடுத்தார்.

அலறலை இயந்திரச் சத்தம் விழுங்கிவிட்டது. மேலிருந்து தலைவர் இவர் தோளில் உதைத்த பிறகுதான் நிறுத்தினார்.

ஒரு சிப்பாயின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

விசாரணைக்கு முன் தலைவர் இவரைத் தனியே கூப்பிட்டு, “நான் உத்தரவு குடுத்தேன், நீ எடுத்தே. அவன்தான் இடைவெளியை விட்டு உள்ள வந்துட்டான். புரியுதா? ரெண்டு பேரும் தப்பிச்சோம்” என்றார். விசாரணையில் கேட்டார்கள்: “உத்தரவு வந்துச்சா?”

“வந்துச்சு ஐயா.”

அவ்வளவுதான். ‘சிப்பாயின் சொந்தக் கவனக்குறைவு’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

பத்தொன்பது வருடம் கழித்துக் கிடங்கில் ஒரு விழா. இத்தனை காலமும் ஒரு விபத்துகூட இல்லாமல் வண்டி ஓட்டியதற்குக் கேடயம் கொடுத்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார் மேலாளர். மைக்கைக் கையில் வாங்கினார். “எனக்கு இது வேணாங்க” என்று கேடயத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு இறங்கினார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“இதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? கால் போனது எனக்கா?”

பழைய நண்பர்களிடம் விசாரித்ததில் ஆள் கிடைத்தார். வேறு ஊரில், பேருந்து நிலையத்தை ஒட்டிச் சாவி செய்யும் கடை. பெட்டி போன்ற அறை. சுவர் முழுக்கச் சாவிகள். செயற்கைக் காலைக் கழற்றி ஓரமாகச் சாத்திவிட்டு, அரம் போட்டுக்கொண்டிருந்தார் சாவிக்காரர்.

“என்ன சாவிங்க?”

“சாவி இல்லைங்க. அன்னிக்கு அந்த டாங்கிய ஓட்டினது நான்தான்.”

அரம் நின்றது. இவர் நின்றபடியே, வரிசை அழகுக்காக உத்தரவில்லாமல் பின்னால் எடுத்ததையும், விசாரணையில் பொய் சொன்னதையும் சொல்லி முடித்தார்.

“அப்போ நான் உள்ள வரலையா?” என்றார் சாவிக்காரர்.

“இல்லைங்க. நீங்க உங்க இடத்துலதான் இருந்திருக்கீங்க.”

“எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன்யா. புகையில கால் ரெண்டு எட்டு கூடப் போயிருக்கும்னு. எங்கப்பா சாகற வரைக்கும் ‘ஒழுங்கா நடக்கத் தெரியாதவன்’னுதான் திட்டினாரு. நானும் தலைய குனிஞ்சு கேட்டுக்கிட்டேன்.”

கால் போனது மட்டும்தான் தன் பாவம் என்று நினைத்திருந்தவர் கும்பிடக் கை தூக்கினார்.

“கும்பிடாத. வெளிய போ.”

வெளியே வந்து வெயிலில் நின்றார். போகவும் கால் வரவில்லை, திரும்பவும் முகமில்லை. அரைமணி நேரத்துக்குப் பிறகு உள்ளிருந்து குரல் வந்தது: “எங்கிட்ட சொன்னதை எழுதிக் குடுப்பியா?”

சாவிக்காரரின் மேஜையிலேயே மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்து ராணுவ அலுவலகம் இவரை இரண்டு முறை கூப்பிட்டது. தலைவர் அதற்குள் இறந்துபோயிருந்தார். பழியை அவர் மேல் தள்ளிவிடுவது சுலபம், இவர் தள்ளவில்லை. “அவர் பொறுன்னுதான் சொன்னாரு. எடுத்தது நான்” என்றே இரண்டு முறையும் சொன்னார். இவருடைய நன்னடத்தைச் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஏழு மாதத்தில் சிப்பாயின் கோப்பிலிருந்து ‘சொந்தக் கவனக்குறைவு’ என்ற வரி நீக்கப்பட்டது.

திருத்திய தாளின் நகல் ஒன்று இவர் வீட்டுக்குத் தபாலில் வந்தது. கூடக் கடிதம் எதுவும் இல்லை. உறையில் முகவரி மட்டும் சாவிக்காரரின் கையெழுத்தில்.

மனைவி அதை இரண்டு தரம் படித்தாள். “மன்னிச்சுட்டாராமா?”

“நான் கேக்கலையே” என்றார் அவர். “கேக்கற மாதிரியா செஞ்சிருக்கேன்?”