கடல்தண்ணீர் குடித்த மெஷின்

மாமல்லபுரத்தில் ஸ்வெட்டர் யாருக்கு என்று சிரிப்பவர்கள், பிள்ளை பெற்ற வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். தொட்டிலில் கிடக்கிற பத்து நாள் குழந்தைக்கோ கம்பளி ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, காலுக்கு உறை. மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும். பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரலாமா என்று இன்னொரு செட் வாங்கி வருவார்கள். குழந்தைக்குப் பேச்சு வந்திருந்தால் எல்லோரையும் திட்டித் தீர்த்திருக்கும். வராததால்தான் அம்சா பிழைத்தாள்.

அம்சா கடற்கரைக் குப்பத்துக்காரி. கணவன் சிங்காரம் கட்டுமரத்தில் பிடித்து வருகிற மீனைத் தலையில் சுமந்து திருக்கழுக்குன்றம் வரைக்கும் விற்றவள். எழுபத்து மூன்றாம் வருட மழையில் பஸ் படியில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஒரு கால் ஒரு விரற்கடை அளவு குட்டையாகிவிட்டது. கூடையைத் தலையில் ஏற்றினால் நாலு எட்டுக்குள் தள்ளாடினாள். வாயாடி என்று சந்தை முழுக்கப் பெயர் எடுத்தவளுக்கு வீட்டில் சும்மா உட்கார்ந்து சோறு தின்பது ஜெயில் மாதிரி இருந்தது.

கைக்கு ஒரு வேலை அவளுக்கு அந்த ஆஸ்பத்திரியில்தான் கிடைத்தது. அங்கே ஆயாவாக இருந்த மார்கரெட், அச்சரப்பாக்கத்துக்காரி, ஓய்ந்த நேரத்தில் இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு குழந்தை ஸ்வெட்டர் பின்னுவாள். அம்சா படுத்தபடியே பார்த்துக் கற்றுக்கொண்டாள். வலை பின்னிய கை. ஒரு வாரம் போதுமாயிருந்தது. ஒன்றுதான் அவளுக்கு உறுத்தியது.

"இன்னாக்கா இது, ஒரு முடிச்சு கூட இல்ல? ஒரு கண்ணு அறுந்தா மொத்தமும் பிரிஞ்சிகினு பூடுமே!"

"அதனாலதாண்டி அறுக்கக் கூடாதுன்றது" என்றாள் மார்கரெட்.

செங்கல்பட்டில் துணிக்கடை வைத்திருந்த ஜானகிராமன் அம்சா பின்னிய செட்டைப் பார்த்தார். கார்த்திகை முடிவதற்குள் இருபது செட் கொடுத்தால் கடையில் வைப்பதாகவும், இல்லையென்றால் வழக்கம்போல் மெட்ராஸ் சரக்கையே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். அப்போது ஐப்பசி பிறந்திருந்தது. கையால் ஒரு செட் முடிக்க ஒரு வாரம். பின்னல் மெஷின் இல்லாமல் நடக்காது. அம்சாவின் கம்மலும் மார்கரெட்டின் சேமிப்பும் சேர்ந்து மெட்ராஸுக்கு பஸ் ஏறின.

கடையில் வரதன் என்கிற விற்பனைக்காரர் ஒரு பெரிய பச்சை மெஷினைக் காட்டினார். பூ போடும், கொடி போடும், ஒரு நாளில் நாலு ஸ்வெட்டர் முடிக்கும் என்றார். மார்கரெட்டின் மனசு அங்கேயே விழுந்துவிட்டது. ரோஜாப்பூ போட்ட ஸ்வெட்டர் அவள் கண்ணில் ஆடியது. அம்சா மட்டும் குனிந்து ஊசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊசிய நாங்களே கழட்ட முடியுமா சார்?"

"எதுக்கும்மா கழட்டணும்? கெட்டுப்போனா எழுதிப் போடுங்க, கம்பெனி ஆள் வருவார்."

"அவரு வர்றதுக்குள்ள ரெண்டு அமாவாச பூடும். எங்க வூட்டாண்ட வந்து பாரு சார். ஆணி துருப்புடிக்கும், அருவாமண துருப்புடிக்கும், சைக்கிள் செயினு துருப்புடிக்கும். உப்புக்காத்து ஊசிய மட்டும் விட்டுடுமா? வல கிழிஞ்சா நாங்களேதான் ஒக்காந்து கட்டிக்கிறோம். கட்ட முடியாத வல எதுக்கு?"

ஒரு மணி நேரம் உப்புக்காற்றைப் பற்றியே பேசி வரதனை ஒரு வழி பண்ணிவிட்டாள். கடைசியில் அவர் மூலையில் கிடந்த ஒரு சாம்பல் நிற மெஷினை இழுத்துப் போட்டார். பூவும் கிடையாது, கொடியும் கிடையாது. ஓரத்தில் இருந்த ஒரு பட்டையை உருவினால் நூற்றிருபது ஊசிகளையும் ஒவ்வொன்றாகக் கையாலேயே எடுத்துப் போடலாம். அம்சா ஓர் ஊசியை எடுத்தாள், திரும்பப் போட்டாள், இன்னொன்றை எடுத்தாள்.

"இதான் நம்ம மெஷினு" என்றாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் மார்கரெட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ரோஜாப்பூ போன துக்கம்.

மெஷின் குப்பத்துக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிழைப்புக்கென்று வருகிற எந்தப் புதுப்பொருளும், மரமோ வலையோ, முதலில் கடல்தண்ணீர் படாமல் வேலைக்கு இறங்காது. அம்சா மெஷினுக்கு மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், கற்பூரம் காட்டினாள். சிங்காரத்தைக் கரைக்கு அனுப்பி ஒரு சொம்பு கடல்தண்ணீர் கொண்டுவரச் செய்து, பக்தியோடு ஊசி வரிசை நெடுகத் தன் கையாலேயே ஊற்றினாள். காற்றுப் படாமல் இருக்கட்டும் என்று போர்வையையும் போட்டு இறுக்கிக் கட்டினாள். உப்புக்காற்றுக்கு அவ்வளவு பயந்த மகராசி!

வெள்ளிக்கிழமை கம்பளி நூலோடு மார்கரெட் வந்தாள். போர்வையை எடுத்தார்கள். ஊசியெல்லாம் செங்கல் நிறம். கைப்பிடியைத் தள்ளினால் அசையவில்லை. மார்கரெட் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு கரிக்குது. யாரு ஊத்துனது?"

சிங்காரம் கூரையைப் பார்த்தான்.

"நாந்தான்க்கா" என்று சொல்லும்போதே அம்சாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கம்மலை நினைத்து அழவில்லை. இனி ஆயுசு முழுக்க மூலையில் உட்கார வேண்டியதுதான் என்று நினைத்து அழுதாள். மார்கரெட் திட்டப் போகிறாள் என்று சிங்காரம் வாசல் பக்கம் நகர்ந்தான். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அந்த வரதனைக் கூட்டியாந்து இதக் காட்டணும்டி! அந்தப் பட்டைய உருவு மொதல்ல. அதுக்குத்தான இத வாங்கின?"

அம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டையை உருவினாள். எழுதிப் போட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. எல்லாம் கைக்கு வந்தது. மூவரும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வோர் ஊசியையும் நல்ல தண்ணீரில் கழுவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சாம்பல் போட்டுத் துணியால் தேய்த்தார்கள். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அதே வேலை. பதினாலு ஊசி தேறவில்லை. மார்கரெட்டின் முகம் சுருங்கியது.

"இந்த ஓட்டைய வெச்சிகினு எப்படிடி பின்றது?"

"நல்ல ஊசியெல்லாம் நடுவுல போட்டுக்கலாம்க்கா. ஓரம் காலியாக் கெடக்கட்டும். பத்து நாள் புள்ளைக்கு எவ்ளோ பெரிய மாரு?"

முதலில் பின்னியது விற்பனைக்கு உதவவில்லை. வெள்ளைக் கம்பளியில் பழுப்புக் கோடுகள் விழுந்தன. ஆனால் பின்னப் பின்ன நூலே ஊசிகளைத் துடைத்துவிட்டது. இரண்டு முழம் தாண்டியதும் கோடு மங்கி, பிறகு வெள்ளை வெளேரென்று வந்தது. அந்தத் துண்டை வெட்டி எறியப் போன அம்சாவின் கையிலிருந்து சிங்காரம் பிடுங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டான்.

கார்த்திகை முடிய இரண்டு நாள் இருக்கும்போது இருபதாவது செட்டும் முடிந்தது. ஜானகிராமன் கையை விட்டுப் புரட்டினார், தோள்பட்டைத் தையலை இழுத்துப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை. முடிச்சில்லாத துணியை நம்பாத அம்சா, இணைக்கிற இடமெல்லாம் வலைமுடிச்சு போட்டிருந்தாள்.

"மெட்ராஸ் சரக்குல இது இப்படி நிக்காதேம்மா. தைக்கு இன்னும் முப்பது செட் கொடுப்பியா?"

"நாப்பது குடுப்பேன் சார்" என்றாள் அம்சா. மார்கரெட் அவள் இடுப்பில் கிள்ளினாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மார்கழியில் இரண்டாவது மெஷின் வந்தது. அதே சாம்பல் நிறம். ரோஜாப்பூ பற்றி மார்கரெட் மூச்சு விடவில்லை. மஞ்சள், குங்குமம், கற்பூரம் எல்லாம் ஆயிற்று. கழுத்தில் பழுப்புக் கோடு போட்ட மப்ளரோடு சிங்காரம் சொம்பை ஏந்திக்கொண்டு பவ்யமாக வந்து நின்றான்.

அம்சா விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நல்ல தண்ணிதான் புள்ள. மூணு கெணறு பாத்து, இனிக்கிறதா எடுத்தாந்தேன்" என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சொம்பை வாங்கி, ஒரு சொட்டுக்கூட மெஷின் மேல் படாமல் அத்தனையையும் தானே குடித்துவிட்டு, ஊசிகளுக்கு எண்ணெய் போட உட்கார்ந்தாள்.