உள்ளங்கையால் அழித்த அட்டவணை

எழுத்து என் வேலை இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள், எழுத வந்ததைப் பிழையாக எடுக்க வேண்டாம்.

வேலணைத் தீவில் வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் சிறிய கடையொன்றில் வேலை செய்கிறேன். கம்பி இழுப்பேன், ரவுட்டர் பூட்டுவேன். கனடாவில் இருக்கும் மகனின் முகம் திரையில் உறைந்துபோனால் தாய்மார் கூப்பிடுவது என்னைத்தான். ஆனாலும் பல வருடமாகத் தற்காலிகம். ஒரு நாள் முதலாளி சொன்னார்:

"அக்கா, இணைப்புத் தாற கொம்பனிக்காரர் சான்றிதழ் கேக்கினம். அந்த வலையமைப்புப் பரீட்சையைப் பாஸ் பண்ணினால் உங்களை நிரந்தரமாக்கலாம். இல்லையெண்டால் படிச்ச ஆள் ஒண்டைத்தான் எடுக்க வேண்டிவரும்."

என்னை வேலையிலிருந்து நிற்பாட்ட மரியாதையான வழி தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். பரீட்சைக் கட்டணத்தை அவரே கட்டியது சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

பரீட்சை நிலையம் யாழ்ப்பாணத்தில். வாசலில் நின்ற பிள்ளை என் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தாலிக்கொடியையும் கழட்டவோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அக்கா. அதுக்குள்ளை விடை இருந்தால் எங்கடை அம்மா எப்பவோ பாஸ் பண்ணியிருப்பா."

நான் சிரிக்கவில்லை. பேச்சுக் கொடுத்து ஆழம் பார்க்கிறாள் என்று பட்டது.

உள்ளே தாள் இல்லை. குறிப்பு எழுத ஒரு பிளாஸ்டிக் பலகையும் மார்க்கர் பேனையும் தந்தார்கள். பலகை நிறைந்தால் கை உயர்த்தி வேறு கேட்க வேண்டும்; நாமாக அழிக்கக் கூடாது. தலைக்கு மேலே கமெரா. அது என்னை மட்டும் பார்ப்பதுபோல இருந்தது.

நேரம் ஓடத் தொடங்கியதும் மனப்பாடம் செய்துவைத்த அட்டவணையைப் பலகையில் இறக்கினேன். ஒரு பெரிய வலையமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கிற கணக்கு அது. 128, 64, 32 என்று பாதி பாதியாக இறங்கும். முதலே எழுதி வைத்தால் பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் தடுமாறத் தேவையில்லை.

கடைசி வரியை எழுதும்போது பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. இடது உள்ளங்கையால் பலகையை ஒரே இழுப்பில் அழித்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. தீவிலிருந்து பட்டினத்துக்குப் போக ஒவ்வொரு இராணுவச் சோதனைத் தடையிலும் இறங்கி நின்ற போர்க்காலத்தில் வளர்ந்த கை அது. இலக்கம் எழுதிய துண்டு பையில் இருந்தால், அது யாருடைய இலக்கம், எதற்கு என்று கேள்வி முடியாது. அதனால் மாமா வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைக்கூட மனதில் ஏற்றிவிட்டு எழுதியதை அழித்துவிடுவோம்.

வந்தவர் மேற்பார்வையாளர். மகன் வயதுப் பொடியன்.

"அக்கா, என்னத்தை அழிச்சனீங்கள்?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒண்டுமில்லைத் தம்பி."

"ஒண்டுமில்லாததை ஏன் அழிக்கிறியள்? கையைக் காட்டுங்கோ."

உள்ளங்கை கறுப்பாக இருந்தது.

"கணக்கு… பழக்கத்திலை அழிச்சுப்போட்டன்."

"என்ன பழக்கம்?"

எங்கே தொடங்கிச் சொல்வது? திரையில் நேரம் குறைந்துகொண்டிருந்தது.

"மணிக்கூட்டை நிற்பாட்ட ஏலாதோ?"

"அது என்னாலை ஏலாது. நீங்கள் எழுதுங்கோ. ஆனால் நான் அறிக்கை குடுக்கோணும். கமெராவிலை பார்த்திட்டுத்தான் பெறுபேறு விடுவினம்."

"களவு எண்டு முடிவெடுத்தால்?"

"பரீட்சை ரத்து."

அதாவது வேலையும் ரத்து. அவர் புதுப் பலகை தந்துவிட்டு எனக்குப் பின்னாலேயே நின்றார். திருப்பி அதையே எழுதுகிறேனா என்று பார்க்கிறார் என்று விளங்கியது. இடக்கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். பலகையைக் கமெராவுக்குத் தெரியச் சரித்துவைத்து, முதலில் எழுதிய அதே ஒழுங்கில், பெரிய எழுத்தில் எழுதினேன். ஓரிடத்தில் பிழைத்தது. அழிக்கவில்லை, ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் சரியை எழுதினேன். கொஞ்ச நேரத்தில் சப்பாத்துச் சத்தம் விலகிப்போனது. போய்விட்டாரா, வாசலில் நின்று பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்க்கவும் பயம். கடைசி இரண்டு கேள்விகளை வாசிக்க நேரம் கிடைக்கவில்லை. கைக்கு வந்த விடையைக் குறித்தேன்.

முடிந்ததும் திரையில் பெறுபேறு வரவில்லை. பலகையை எடுத்த பொடியன் அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போயிட்டு வாங்கோ அக்கா," என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் பெறுபேறு வந்தது. சித்தி; பாஸ் பண்ணிவிட்டேன். முதலாளி அதை அச்செடுத்து இரண்டு தரம் வாசித்தார். பிறகு நிலையத்துக்கு அழைப்பெடுத்து உண்மைதானோ என்று விசாரித்தார். ஓம், கமெராவையும் பார்த்தாச்சு என்றார்களாம்.