மஞ்சூர் ரோட்டில் மாட்டிய கனவு போர்டு

1. ரூல் நம்பர் ஒன்

மஞ்சூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஆம்புலன்ஸ் வழி தவறியதற்கு நான்தான் காரணம் என்று இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். முழுப் பொய் இல்லை. பாதிக் காரணம் நான். மீதிப் பாதி, ஒரு கனவு.

நான் லொகேஷன் மேனேஜர். ஊட்டி, குன்னூர், மஞ்சூர் வட்டாரத்தில் ஷூட்டிங் என்றால் இடம் காட்டுவது, எஸ்டேட்டில் அனுமதி வாங்குவது, வண்டி நிறுத்த இடம் பிடிப்பது, காட்டெருமை வந்தால் முதலில் ஓடுவது எல்லாம் என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஜீப் ஓட்ட வந்தவன். படிப்பு குறைவு, பயம் அதிகம். இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன், இரண்டாவது தகுதிதான் முக்கியம்.

அந்தத் தடவை வந்த யூனிட் எடுத்தது 'ஏழாம் துயில்'. முதலில் அது காமிக்ஸாம். பிறகு மொபைல் கேம், பிறகு காதில் மாட்டிக் கேட்கும் தொடர், இப்போது வெப் சீரிஸ், அடுத்தது சினிமா. கதை இதுதான்: வருங்காலத்தில் ஒரு கம்பெனி ஜனங்களைத் தூக்கத்திலும் வேலை வாங்குகிறது. 'நான் இப்போது கனவு கண்டுகொண்டிருக்கிறேன்' என்று கனவுக்குள்ளேயே தெரிந்துகொள்கிறவன் மட்டும் தப்பிக்கலாம். தூக்கத்திலும் வேலை என்பது அவர்களுக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன். விடிகாலை நாலு மணி கால்ஷீட்டுக்கு ஆள் எழுப்பியே வயசான எனக்கு அது சர்வீஸ்.

சென்னையிலிருந்து ப்ரியா மேடம் வந்திருந்தார். பதவி, 'யுனிவர்ஸ் ஹெட்'. ஒரு பிரபஞ்சத்தையே நிர்வகிக்கிறவரை மஞ்சூர் மேட்டில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகும்போது எனக்குக் கொஞ்சம் உதறத்தான் செய்தது. காமிக்ஸில் ஒரு விதி இருந்தால் கேமிலும் சீரிஸிலும் அதே விதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரசிகர்கள் இணையத்தில் கிழித்துவிடுவார்கள். அதற்குக் காவல் இவர். கையில் ரூல்புக், தலையணை கனம்.

"மணி சார், ரூல் நம்பர் ஒன். கனவுல எழுத்து நிக்காது. ஒரு போர்டை ரெண்டாவது தடவை பார்த்தா மாறியிருக்கும். அதை வெச்சுதான் ஹீரோ இது கனவுன்னு கண்டுபிடிப்பான்."

"எங்க ஊர்ல பஸ் போர்டே அப்படித்தானுங்க மேடம்."

அவர் சிரிக்கவில்லை. ரூல்புக்கில் சிரிப்பு இல்லை போல.

2. நாலு போல்ட்

எஸ்டேட் ரோடு ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகள். வலது பக்கம் பழைய பம்ப் ஹவுஸ், அத்தோடு பாதை முடிந்தது. பிரிகிற இடத்தில் இரண்டு பெயரையும் எழுதி அம்புக்குறி போட்ட பழைய தகர போர்டு. ஹீரோ அதைப் பார்க்கிறான், திரும்புகிறான், மறுபடி பார்க்கிறான், அம்புகள் இடம் மாறியிருக்கின்றன. சீன் அவ்வளவுதான். அதற்கு மூன்று நாள்.

ஆர்ட் டிபார்ட்மெண்டில் தினேஷ் என்று கோயமுத்தூர்ப் பையன். அம்பு மாறிய போர்டை அவன்தான் செய்தான். துரு, பாசி, யாரோ ஆணியால் கீறிய காதலர் பெயர் வரைக்கும் அப்படியே. பழைய போர்டையும் கழற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தான்.

"ஏனுங்ணா, ரெண்டுல ஒரிஜினல் எதுன்னு தொட்டுக் காட்டுங்க பாக்கலாம்."

தொட்டேன். தப்பு. அவன் கைதட்டினான். இருபத்தைந்து வருஷம் பார்த்த போர்டை நானே தப்பாகக் காட்டினால் வேற்றூர்க்காரன் கதி?

பழைய போர்டை அதன் இடத்தில் மாட்டி, அதன் மேல் கனவு போர்டை நாலு போல்ட் போட்டு முறுக்கினார்கள். சாயங்காலம் நாலரைக்கு மேகம் இறங்கியது. எதிரில் நிற்கிறவன் மூக்கு தெரியவில்லை. இரண்டு ஷாட் பாக்கி, நாளைக்குப் பார்க்கலாம், பேக்கப்.

நான் ஸ்பேனரை எடுத்தேன்.

"கழட்டாதீங்ணா," என்றான் தினேஷ். "நாளைக்கு அதே ஆங்கிள்ல வராது. கன்டினியூட்டி அடி வாங்கும்."

"ரோட்டுல வண்டி போவுமுங்களே?"

ப்ரியா மேடம் சொன்னார்: "இந்த ரோட்ல யார் சார் போர்டு பாத்துப் போறாங்க? எஸ்டேட்காரங்களுக்கு அவங்க வீட்டு வழி தெரியாதா?"

"புதுசா யாராச்சும் வந்தாங்கன்னா..."

"நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க சார். முந்தாநேத்து இடி விழும்னீங்க. நேத்து அட்டைப்பூச்சி ஹீரோ காதுக்குள்ள போகும்னீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சொன்னது நிஜம், இரண்டையும் நான் சொன்னேன். அட்டைக்காக ஹீரோவின் காதில் பஞ்சுகூட வைத்தேன். அவர் டைரக்டர் 'ஆக்‌ஷன்' சொன்னது கேட்காமல் நின்றார். பிரபஞ்சத்துக்கு விதி எழுதுகிறவருக்குத் தெரியாததா எட்டாம் வகுப்புக்குத் தெரியப்போகிறது என்று நானும் சேர்ந்து சிரித்தேன். ஸ்பேனரை டூல் பாக்ஸில் போட்டு மூடினேன்.

3. ராணி கேட்ட கேள்வி

மறுநாள் காலை ஏழு மணி. முருகேசன் போன் செய்தான். லயனில் நிறைமாத மனைவி ராணியோடு இருக்கிறவன், எங்கள் ஷூட்டிங்கில் கூட்டத்தில் நின்றவன்.

"அண்ணா, ராணிக்கு வலி எடுத்திருச்சுங்க. ஆம்புலன்ஸ்காரரு எஸ்டேட்டுக்குள்ள வந்துட்டோம்னு சொல்லி இருவது நிமிசமாச்சு. காணோமுங்க. நீங்க எங்கியாச்சும் பாத்தீங்களா?"

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கவலைகளில் ஒன்றாவது பலித்ததே என்று பெருமைப்படும் நிலையில் நான் இல்லை. ஜீப்பை எடுத்தேன்.

மேகம் இன்னும் கலையவில்லை. பிரிவில் டயர் தடம் வலது பக்கம் திரும்பியிருந்தது. பம்ப் ஹவுஸ் வாசலில் ஆம்புலன்ஸ், பின் சக்கரம் ஓடைக்குள். டிரைவர் மேட்டுப்பாளையத்திலிருந்து அந்த வாரம்தான் மாற்றலாகி வந்தவர். சேற்றில் நின்று என்னிடம் கத்தினார்:

"லயன் ஊடுன்னு போர்டுல தெளிவாப் போட்டிருக்குதுங்களே!"

"அது கனவுல வர்ற போர்டுங்க," என்றேன்.

அவர் என் வாயருகில் வந்து மோந்து பார்த்தார். "காலங்காத்தாலயேவா?"

விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆம்புலன்ஸில் வந்த நர்ஸம்மா பையோடு ஜீப்பில் ஏறிக்கொண்டார். லயனுக்குப் போய் ராணியைப் பின் சீட்டில் படுக்க வைத்தோம், தலை முருகேசன் மடியில். வளைவு வளைவாக மஞ்சூருக்கு இறங்கினேன். பிரேக்கை மிதித்தால் அவள் அலறினாள், மிதிக்காவிட்டால் முருகேசன் அலறினான்.

ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் ராணி கேட்டாள்: "எதுக்குங்க வண்டி வரல?"

முருகேசன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பொய் சொல்லவும் தைரியம் வேண்டும், எனக்கு அது இல்லை. "ஷூட்டிங் போர்டும்மா. ஹீரோ கனவுல வழி மாறுமாம். அதுக்காக மாத்தி வெச்சது. கழட்டாம உட்டுட்டோம்."

ராணி தலையைத் தூக்கிச் சொன்னாள்:

"கனவு காணோணும்னா அவங்கவங்க ஊட்டுல படுத்துக் காணுங்க. எங்க ரோட்டுல எதுக்குங்க?"

"பேசாம மூச்சை இழுத்து உடும்மா," என்றார் நர்ஸம்மா.

"உட்டுட்டுத்தானுங்க கேக்கறேன்."

ஆஸ்பத்திரிக்குள் போன கால் மணி நேரத்தில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். வெளியே வந்த நர்ஸம்மா, "இன்னும் நாலு வளைவு இருந்திருந்தா உங்க ஜீப்புலதான்," என்றார். அதைக் கேட்டதும் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

4. இரண்டு விரல் சாய்வு

ஸ்பாட்டுக்குத் திரும்பியதும் ப்ரியா மேடம் ஓடிவந்து முதலில் குழந்தையைத்தான் விசாரித்தார். கண் கலங்கியது. அதை நான் மறைக்கக் கூடாது. அப்புறம் சென்னைக்குப் பேசிவிட்டு வந்தார்.

"சார், மார்க்கெட்டிங்ல ஒரு ஐடியா சொல்றாங்க. இதை ஒரு ரீலா போடலாமாம். 'கனவு நிஜத்தைத் தொட்ட தருணம்'னு."

"தாராளமாப் போடலாமுங்க மேடம். ராணிகிட்டயே பேட்டி எடுங்க. அந்தப் புள்ள உங்களை ஒரு கேள்வி கேக்கும். பதிலை இப்பவே ரெடி பண்ணிக்கங்க."

என்ன கேள்வி என்று கேட்டார். சொன்னேன். ரீல் வரவில்லை.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனேன். தினேஷ் பின்னாலேயே வந்தான். "ரெண்டே ஷாட்டுங்ணா. ஆங்கிள் போயிருமுங்ணா."

"போவட்டும். வேணும்கறப்ப மாட்டு. மாட்டி இருக்கற வரைக்கும் நான் அடியில நிக்கறேன். கட் சொன்னதும் கழட்டுவேன்."

அவன் மேடத்தைப் பார்த்தான். மேடம் தரையைப் பார்த்தார். கழற்றினேன்.

மத்தியானம் மறுபடி மாட்டியபோது, அவன் சொன்னபடியே, அதே ஆங்கிளில் வரவில்லை. இரண்டு விரல் அளவு சாய்ந்துவிட்டது. சீரிஸ் வெளியானது. கனவு ஆழமாவதற்கு அந்தச் சாய்வுதான் அடையாளம் என்று ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்களாம், தினேஷ் படித்துக் காட்டினான். 'ஏழாம் துயில்' அடுத்த பாகத்துக்கு வேறு லொகேஷன் மேனேஜரை வைத்துக்கொண்டார்கள். நான் ரொம்ப யோசிக்கிறேனாம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். பயந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பத்துக்கு ஒன்பது தடவை அவர்கள் சிரிப்பதுதான் சரியாகவும் இருக்கும். ஆனால் அவர்கள் சிரித்து முடிக்கும் வரை ஸ்பேனரைக் கீழே வைக்காதீர்கள்.